பூக்களும் இளவேனிலும் அனுபவக் கட்டுரையும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமை காலையில் கட்டுரை எழுதிப் பழகுகிற சிறு வட்டமொன்று கூடும். ஓ.எல் சோதனை எடுக்கிற பிள்ளைகள், கமக்காரர், தையல் வேலை செய்கிற பெண்கள், ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவர் என்று பலவிதமானவர்கள் வருவார்கள். வேலியில் முள்முருக்கு சிவந்துவிட்டால் போதும், எல்லோருக்கும் பூவைப் பற்றி எழுத ஆசை பிறந்துவிடும். கூடவே வழக்கமான கேள்விகளும் வரும். அவற்றையும் நான் சொல்லுகிற பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

வன்னியிலை வசந்தகாலம் எண்டு ஒண்டு இருக்கோ ரீச்சர்? எனக்குத் தெரிஞ்சு மாரியும் கோடையும்தான்.

வயலைக் கேட்டால் நீங்கள் சொல்வதுதான் சரி. ஐப்பசியில் பிடிக்கிற வடகீழ்ப் பருவமழை மார்கழி, தை வரை நிற்கும். அதோடு காலபோகம். பிறகு கோடை, குளத்தில் தண்ணீர் மிஞ்சினால் சிறுபோகம். பனி உருகி வெறும் மண்ணில் பூ முளைக்கிற வசந்தம் நமக்கு இல்லை. அது குளிர்நாட்டுக் கதைகளிலிருந்தும் சினிமாப் பாட்டுகளிலிருந்தும் வந்து நம் பிள்ளைகளின் கொப்பிகளில் குடியேறிவிட்டது.

ஆனால் பூக்கிற காலம் இருக்கிறது. எனக்குத் தெரிந்து அது இரண்டு தரம் வருகிறது.

முதலாவது மழையோடு வருவது. கோடை முழுக்க மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த கார்த்திகைக் கிழங்கு மழை கண்டதும் கொடிவிட்டு, பற்றையிலும் வேலியிலும் ஏறிப் பூக்கும். முல்லையும் மழைக்குரிய பூதான். முல்லைத்திணைக்குப் பழைய இலக்கணம் கார்காலத்தைத்தான் கொடுத்திருக்கிறது. குளங்கள் நிரம்பினால் தாமரை, அல்லி, நீலோற்பலம். தாமரையும் நீலோற்பலமும் பகலில் விரியும். அல்லியைப் பார்க்க வேண்டுமென்றால் இரவில் அல்லது விடிந்த கையோடு குளக்கட்டுக்குப் போகவேண்டும், வெயில் ஏறினால் கூம்பிவிடும்.

இரண்டாவது, மழை விட்டபின் வருவது. சீமைக்கிளுவை இலையைக் கொட்டிவிட்டு இளஞ்சிவப்பாகப் பூக்கும். மாசியில் முள்முருக்கு. இலை ஒன்றுகூட இல்லாமல் கொப்பு முழுக்கச் சிவப்பு. பங்குனியில் வேம்பும் இலுப்பையும். இலுப்பைப்பூ இரவில் மலர்ந்து விடியுமுன் நிலத்தில் கொட்டிக் கிடக்கும், தடித்த இதழ், வாயில் போட்டால் இனிப்பு. வௌவாலுக்கு அது பெருநாள். சித்திரை பிறக்கக் கொன்றை சரம் சரமாகத் தொங்கும். இந்த மரங்களில் பல இலையுதிர்ந்த கொப்பிலேயே பூக்கின்றன. மறைக்க இலை இல்லாததால் வண்டுக்கும் பறவைக்கும் தூரத்திலேயே பூ தெரிந்துவிடும்.

பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்து, சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றார்கள். நம் ஊர்க் கணக்கில் நான் மாசியிலேயே தொடங்கிவிடுவேன். மாசி தொடங்கி வற்றாப்பளைப் பொங்கல் வரை வன்னியின் இளவேனில் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் வழக்குப் போடமாட்டார்கள்.

அனுபவக் கட்டுரை எண்டால் என்ன? பள்ளிக்கூடக் கட்டுரையிலிருந்து அது எப்பிடி வித்தியாசம்?

பள்ளிக்கூடக் கட்டுரையில் பொருள் முன்னுக்கு நிற்கும், எழுதுகிற ஆள் பின்னுக்கு நிற்பார். ‘மரங்களின் பயன்கள்’ என்றால் உங்களுக்கு மரத்தோடு என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அனுபவக் கட்டுரையில் அதுதான் முதற்கேள்வி. 1580இல் பிரான்சில் மொந்தேய்ன் என்பவர் தன் கட்டுரைகளை அச்சிட்டபோது, இந்த நூலின் பொருள் நானேதான் என்று முன்னுரையில் எழுதினார். தன் சிறுநீரகக் கல் படுத்திய பாட்டைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

அதற்காக ‘நான், நான்’ என்று எழுதச் சொல்லவில்லை. ஒரு பூவைப் பற்றி எழுதுங்கள். அதைப் பார்க்கிற ஆள் யார், எந்த வளவில் நிற்கிறார், எந்த அவசரத்தில் இருக்கிறார் என்பது வாசிக்கிறவருக்குத் தானாகத் தெரியவேண்டும்.

வசந்தம், தென்றல், குயில் எண்டு எழுதினால்தானே மிஸ் சோதினையிலை புள்ளி போடுவினம்? (ஓ.எல் மாணவன்)

தம்பி, குயில் கூவியது என்று எழுதுவதில் பிழை இல்லை, பங்குனி சித்திரையில் அது உண்மையாகவே கூவுகிறது. சிக்கல் வேறு இடத்தில். போன முறை நம் வட்டத்தில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தாள்: ‘வசந்த காலம் வந்தது. சோலைகள் பூத்துக் குலுங்கின. தென்றல் தவழ்ந்தது. குயில்கள் இன்னிசை பாடின.’ இதில் எந்தச் சோலை? கிளிநொச்சியா, கண்டியா, காஷ்மீரா? எந்த ஊர்ப் பிள்ளையும் எந்த ஆண்டிலும் எழுதக்கூடிய நாலு வசனம். விடைத்தாள் திருத்துகிறவர் அன்றைக்கே அதைப் பலதரம் வாசித்திருப்பார்.

உங்கள் வீட்டில் பூ இருக்கிறதா என்று கேட்டேன். வேலியோரம் செவ்வரத்தை நிற்குதாம். அதை யார் ஆய்வது என்று கேட்டதும் பிள்ளை சிரித்துவிட்டாள். பிறகு எழுதினாள்:

‘அம்மம்மாவும் பக்கத்து வீட்டு ஆச்சியும் கதைப்பதில்லை. எல்லை வேலிக்குக் கதியால் போட்ட காலத்துச் சண்டை. எங்கள் செவ்வரத்தையின் ஒரு கொப்பு அவர்களின் பக்கம் சாய்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை விடிய ஆச்சி வந்து அந்தக் கொப்பில் மட்டும் பூ ஆய்வார். அம்மம்மா கிணத்தடியில் நின்று பார்க்காத மாதிரிப் பார்ப்பார். போன மாதம் அப்பா வேலியைச் சரிப்படுத்தும்போது அந்தக் கொப்பை வெட்டப் பார்த்தார். அம்மம்மா விடவில்லை. காரணமும் சொல்லவில்லை.’

இதில் தென்றலும் இல்லை, குயிலும் இல்லை. ஆனால் ஊர் இருக்கிறது, இரண்டு கிழவிகள் இருக்கிறார்கள், ஒரு சண்டையும் அதற்குள் ஒரு சமாதானமும் இருக்கிறது. சோதனைக்கு எழுதும்போது எழுத்துப்பிழை, பந்தி பிரித்தல், சொன்ன அளவுக்கு எழுதுதல் எல்லாம் கவனிக்கத்தான் வேண்டும். அவற்றோடு இப்படி ஒரு கொப்பையும் வைத்தால் புள்ளி குறையாது.

எதிலை தொடங்கிறது? பூ எண்டால் ஆயிரம் இருக்கு.

ஒன்றை எடுங்கள். மணத்தால் அல்லது ருசியால் உங்களுக்குத் தெரிந்த ஒன்றாக இருக்கட்டும். அழகாக இருக்கிறது என்பதற்காக எடுக்காதீர்கள். கண் எளிதில் பொய் சொல்லிவிடும், நாக்கு சொல்லாது.

நான் வழக்கமாக வேப்பம்பூவைத்தான் கொடுப்பேன். வன்னியில் வேம்பு நிற்காத வளவு அருமை. பங்குனியில் பூக்கத் தொடங்கினால் முற்றம் முழுக்க மாவு தூவியதுபோல வெள்ளை. ஒரு பூவை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். மிகச் சிறிது, ஐந்து இதழ், நடுவில் ஒரு சின்னக் குழல். மணம் தேன்போல, ருசி கசப்பு. இந்த முரண்பாட்டிலேயே பாதிக் கட்டுரை இருக்கிறது, ஆனால் அதை வாழ்க்கைத் தத்துவமாக்கிவிடாதீர்கள். வடகம் போடுகிற இடத்துக்குப் போங்கள்.

பின்னேரம் மரத்தின் கீழ் கூட்டி, பழைய சேலையை விரித்துவிடவேண்டும். விடிய அதில் கிடக்கிற பூவை அள்ளி, காம்பும் எறும்பும் போகப் புடைத்து, வெயிலில் போடவேண்டும். உழுந்தை ஊறவைத்து அரைத்து, வெட்டின செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், பெருஞ்சீரகம், உப்பு, பூ எல்லாம் சேர்த்துப் பிசைந்து, சின்னச் சின்ன வட்டமாகத் தட்டிச் சுளகில் காயவைக்கவேண்டும். நன்றாகக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். காகம் வேறு வரும், அதற்கு ஒரு பிள்ளையைத் தடியோடு இருத்தவேண்டும். மழைக்காலத்தில் மரக்கறி இல்லாத ஒருநாள் அதை எண்ணெயில் பொரித்துச் சோற்றோடு வைப்பார்கள்.

இப்போது கேளுங்கள்: சேலை யாருடையது? தடியோடு இருந்த பிள்ளை யார்? அந்த வடகப் போத்தல் இடம்பெயரும்போது கூட வந்ததா, விட்டுப்போனதா? இந்த மூன்றில் ஒன்றுக்குப் பதில் எழுதினாலே ஒரு பக்கம் தாண்டிவிடும். நம் வட்டத்தில் ஒரு அக்கா மூன்றாவதை எழுதினார். உழவு மெசின் பெட்டியில் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று நடந்த சண்டையில் போத்தல் வென்றுவிட்டதாம், தையல் மெசின் தோற்றுவிட்டதாம்.

நான் கமம் செய்யிற ஆள். பூவைப் பார்த்தால் எனக்கு ஒண்டும் தோன்றுறேல்லை. எழுத மனம் எங்கையிருந்து வரும்?

ஐயா, மாலைக்கும் சாமிக்கும் போகிற பூவை மட்டும் பூவென்று எடுத்துக்கொண்டு இப்படிச் சொல்கிறீர்கள். உங்களைவிட அதிகம் பூப் பார்த்தவர் இந்த வட்டத்தில் இல்லை.

நெல் பூப்பதைப் பட்டணத்தார் யாராவது கண்டிருக்கிறார்களா? குடலைப் பருவம் தாண்டிக் கதிர் வெளியே வந்ததும், முற்பகலில் உமி இரண்டாகத் திறந்து மஞ்சள் மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். ஒரு பூ திறந்திருப்பது ஒன்றிரண்டு மணித்தியாலம்தான். அந்த நேரம் பெருமழை அடித்தால் பதர் கூடும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் வானத்தைப் பார்க்கிற மனுசனின் வயிறு எப்படி இருக்கும் என்று எழுதினால், அதைவிடப் பெரிய பூக் கட்டுரை வேறென்ன?

கச்சானும் (நிலக்கடலை) அப்படித்தான். விடியப் பூக்கிற மஞ்சள் பூ அன்றைக்கே வாடிவிடும். கருக்கட்டியபின் அதன் அடியிலிருந்து ஊசிமாதிரி ஒன்று கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனியில்தான் கச்சான் விளைகிறது. பூ மேலே, காய் கீழே. மண் இறுகிக் கிடந்தால் ஊசி இறங்காது, அதனால்தான் மண் அணைக்கிறோம். முல்லைத்தீவுப் பக்கம் கச்சான் போடுகிற எல்லோருக்கும் இது தெரிந்த சங்கதி. எழுத்தில் மட்டும் யாரும் வைப்பதில்லை. மிளகாய்ப்பூ கொட்டுவது, எள்ளு பூக்கிற நேரம் மழை வருவது என்று உங்களிடம் இருப்பது ஒரு புத்தகத்துக்குக் காணும்.

எழுத மனம் தனியாக வராது. வேலையைப் பற்றி யாராவது பிழையாகச் சொன்னால் உங்களுக்கு ‘அப்பிடியில்லை’ என்று வாய் திறக்கும் அல்லவா? அந்த இடத்தில் பேனையை எடுங்கள்.

பூக்களின்ரை பேரே தெரியாமல் எப்பிடி எழுதிறது?

பெயர் தெரியவேண்டும், இதில் நான் கொஞ்சம் கடுமைதான். ‘ஒரு மஞ்சள் பூ’ என்று எழுதினால் வாசிக்கிறவர் ஒன்றையும் காணமாட்டார். ஆவரசா, கொன்றையா, பூவரசா என்று சொன்னால் மரமும் உயரமும் மண்ணும் கூடவே வந்துவிடும். பூவரசம்பூ காலையில் மஞ்சள், வாடும்போது சிவந்துவிடும். பெயரைக் கேட்டு, இரண்டு நேரமும் போய்ப் பார்த்தவருக்குத்தான் இது கிடைக்கும்.

நம் பெரியவர்கள் பூவை எண்ணி வைத்தவர்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூவை ஒரே மூச்சில் அடுக்குகிறார். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை, உங்கள் ஒழுங்கையில் நிற்கிற பத்தைத் தெரிந்துகொண்டால் போதும். சித்திரை வருடப்பிறப்புக்கு மருத்துநீர் வாங்கக் கோயிலுக்குப் போகும்போது ஐயரிடம் கேளுங்கள்: தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு என்று வரிசையாகச் சொல்லுவார். அந்த ஆண்டு தலைக்கு எந்த இலை, காலுக்கு எந்த இலை என்று பஞ்சாங்கத்திலும் இருக்கும்.

ஊர்ப்பெயர்களையும் பாருங்கள். பூவரசங்குளம், இலுப்பைக்கடவை, புளியங்குளம், நொச்சிமோட்டை. போய் அந்த மரம் இன்னும் நிற்கிறதா என்று விசாரித்து எழுதுங்கள். யார் எப்போது தறித்தார்கள் என்று கேட்டால் ஊர் வரலாறு முழுவதும் கொட்டும், கொஞ்சம் வம்பும் சேர்த்து.

அவர் 2009இலை போனவர். கொன்றை பூக்கேக்கை எனக்கு வடிவாத் தெரியிறேல்லை, ஆத்திரந்தான் வருது. அதை எழுதலாமோ?

எழுதலாம் அக்கா. அதை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் பொய்யாகிவிடும்.

வன்னியில் சித்திரை, வைகாசி என்றால் பூ மட்டும் இல்லை. 2009இன் அந்த இரண்டு மாதத்தையும் இங்கே யாருக்கும் யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மே மாதத்தில், போரில் இறந்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிற கிழமையில் கொன்றையும் பூத்துத்தான் நிற்கிறது. அது தன்பாட்டில் பூக்கிறது. அதுதான் ஆத்திரம் தருகிறது என்று நீங்கள் சொல்லாமலே எனக்கு விளங்குகிறது.

இளவேனிலைக் கண்டு கோபிக்கிற முதல் ஆள் நீங்கள் இல்லை. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் ‘இளவேனிற் பத்து’ என்று பத்துப் பாட்டு இருக்கிறது. பத்தும் ஒரே மாதிரித் தொடங்கும்: அவர் வரவில்லை, பருவம் மட்டும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டிலும் ஒரு அடையாளம். குயில் கூவுகிறது, கோங்கின் மொட்டு உடைகிறது, மாமரத்தில் நெருப்பு நிறத்தில் தளிர் வருகிறது, கடைசிப் பாட்டில் வேப்பம்பூ உதிர்கிறது. வருவேன் என்று சொல்லிப்போன ஆளை மட்டும் காணவில்லை. பாலைத்திணைக்கு வேனிலைப் பொழுதாகவும் பிரிவைப் பொருளாகவும் வைத்தது நம் மரபு. வசந்தம் என்றால் ஆடிப்பாடுவது மட்டும்தான் என்று நினைக்கத் தேவையில்லை.

எழுதும்போது ஒன்று செய்யுங்கள். ‘நெஞ்சு வெடித்தது’, ‘கண்ணீர் ஆறாக ஓடியது’ என்று எழுதத் தோன்றும். அதை எழுதிவிட்டு வெட்டுங்கள். அந்தக் கொன்றை எங்கே நிற்கிறது, அதன் கீழ் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். பஸ் ஹோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்றீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பூவைப் பொறுக்கி ஒருவர் தலையில் ஒருவர் எறிகிறார்கள் என்றீர்கள். உங்கள் மகளும் அதில் ஒருத்தி என்றீர்கள். அவளைக் கூப்பிட்டுப் பேசினீர்களா, பேசாமல் நின்றீர்களா? அதைப் போடுங்கள். ஆத்திரம் தானாக வரும்.

இன்னொன்று கேட்டீர்கள், ‘இருந்தார்’ என்று எழுதுவதா ‘இருக்கிறார்’ என்று எழுதுவதா என்று. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் 2017 பெப்ரவரி 20இல், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராட்டத்தில் போய் இருந்த தாய்மார் கேட்டதும் அதற்கான பதிலைத்தான். அவர்களுக்கே பதில் கிடைக்காதபோது இலக்கணம் சொல்ல நான் யார்? ஒரே பந்தியில் இரண்டும் வந்தாலும் வரட்டும். நம் வட்டத்தில் யாரும் அதைத் திருத்தமாட்டார்கள். எழுதியதை வாசித்துக் காட்டவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, கொப்பியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பாதியில் நிறுத்தத் தோன்றினால் நிறுத்துங்கள்.

கார்த்திகைப்பூவைப் பற்றி எழுதினால் பிரச்சினை வருமோ?

புலிகள் அதைத் தமிழீழத்தின் தேசியப் பூவாக வைத்திருந்ததால் அந்தப் பூவுக்கு இங்கே அரசியல் அர்த்தம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். வடக்கில் பாடசாலை விளையாட்டுப் போட்டி அலங்காரத்துக்கே பொலிஸ் விசாரணை வந்திருக்கிறது. ஆகவே பாடசாலைக்கோ போட்டிக்கோ கொடுக்கிற கட்டுரையானால் பெற்றாரோடும் ஆசிரியரோடும் கதைத்துவிட்டுக் கொடுங்கள். உங்கள் கொப்பிக்குள் எழுதுவது உங்கள் விருப்பம்.

அரசியலை விட்டுவிட்டாலும் எழுத நிறைய இருக்கிறது. மொட்டு தலைகீழாகத் தொங்கும், விரிந்தால் இதழ்கள் மேல்நோக்கி மடங்கும். முதலில் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு சிவப்பு. இலையின் நுனியே சுருண்டு பற்றிப் பிடிக்கிற பற்றுக்கம்பியாகிவிடும். கிழங்கு கடும் நஞ்சு. அதிலுள்ள கொல்ச்சிசின் உயிரை எடுத்துவிடும், ஆகவே சின்னப் பிள்ளைகள் உள்ள வளவில் கவனம். தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் இதுதான், அங்கே செங்காந்தள். பூவின் பெயரிலுள்ள கார்த்திகை வடமாகாணத்தில் மரநடுகை மாதமும்கூட. கன்று நட்ட கதை வைத்திருக்கிறவர்கள் அதையும் எழுதலாம்.

நான் ரொறன்ரோவிலை இருக்கிறன். விசுவமடுவை விட்டு வந்து கன காலம். எனக்கு இப்ப வசந்தம் எண்டால் ரியூலிப்தான். வன்னியைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கோ?

(இவர் எங்கள் வட்டத்துப் பிள்ளை ஒருத்தியின் பெரியம்மா. போனில் கேட்டது.)

உரிமையை யாரிடமும் கேட்காதீர்கள் அக்கா. ஆனால் இல்லாததை எழுதவேண்டாம். விசுவமடுவில் இன்றைக்கு எந்த மரம் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, ஆகவே ‘இன்றும் அந்த மாமரம் பூக்கிறது’ என்று எழுதினால் நம் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். நீங்கள் விட்டுவந்த நாளில் அது எப்படி நின்றது என்று எழுதுங்கள், அது உங்களுக்கு மட்டும் தெரிந்தது.

ரியூலிப்பை ஏன் விடுகிறீர்கள்? குளிர் தொடங்குமுன் கிழங்கைப் புதைத்தால், பன்னிரண்டு கிழமைக்கு மேல் குளிரில் கிடந்துதான் அது பூக்கும். குளிர் காணாத கிழங்கு ஒழுங்காகப் பூக்காது. நம் கார்த்திகைக் கிழங்கு கோடையை உறங்கிக் கழிக்கிறது, உங்கள் வீட்டுக் கிழங்கு பனியை உறங்கிக் கழிக்கிறது. இரண்டையும் கையால் தொட்டவர் நீங்கள்.

ஒட்டாவாவின் ரியூலிப்புக்கு ஒரு கதையும் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் நெதர்லாந்து அரச குடும்பத்தின் ஜூலியானா இளவரசி பிள்ளைகளோடு அங்கே தஞ்சம் புகுந்திருந்தார். 1943இல் ஒரு மகளும் அங்கேதான் பிறந்தாள். போர் முடிந்ததும் 1945இல் நன்றிக்காக ஒரு இலட்சம் கிழங்குகள் அனுப்பிவைத்தார்கள். அங்கே ரியூலிப் திருவிழா 1953இல் தொடங்கியது. அகதியாக வந்த ஒருவர் திரும்பிப் போய் அனுப்பிய பூ அது. நீங்கள் திரும்பிப் போகவில்லை. அதைப் பற்றி ஒரு பந்தி எழுதிப் பாருங்கள், முழுக் கட்டுரையும் அங்கிருந்தே வரலாம்.

பூத் தேடிக் காட்டுக்குள்ளை போகலாமோ?

வேண்டாம். மிதிவெடிப் பலகை நிற்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன, அந்தச் சிவப்புப் பலகையைத் தாண்டி ஒரு அடிகூட வைக்கக்கூடாது. பின்னேரமானால் யானை. ஏ9 வீதியின் ஓரமும் குளக்கட்டும் கோயில் வீதியும் போதும்.

போனிலை எழுதலாமோ, கொப்பியிலைதான் எழுதவேணுமோ?

எதிலும் எழுதலாம். படம் எடுப்பதை மட்டும் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே எடுத்துவிட்டால், பிறகு படத்தைப் பார்த்துத்தான் எழுதுவீர்கள், மணமும் சத்தமும் விட்டுப்போகும்.

வீட்டாக்களைப் பற்றி எழுதினால் கோவிப்பினமே?

கோவிப்பார்கள். ஆகவே எழுதும்போது முழுவதையும் எழுதுங்கள், வெளியே கொடுக்கும்போது யோசியுங்கள். சம்பந்தப்பட்டவருக்கு முதலில் வாசித்துக் காட்டுவது நல்லது. செவ்வரத்தைக் கட்டுரையை அந்தப் பிள்ளை அம்மம்மாவுக்கு வாசித்தாள். கிழவி முழுவதும் கேட்டுவிட்டு, ‘கதியால் போட்டது அவள், நான் இல்லை, அதை எழுது’ என்று மட்டும் சொன்னாராம். அந்த வசனத்தையும் சேர்க்கச் சொன்னேன்.

நோய், கடன், கல்யாணப் பேச்சு, முறிந்த உறவு ஆகிய நான்கிலும் மற்றவருடைய அனுமதி இல்லாமல் பெயர் போடாதீர்கள். சின்ன ஊர். பெயர் போடாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆகவே அடையாளத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள்.

ஆனி ஆடியிலை ஒரு பூவும் இல்லை. அப்ப என்னத்தை எழுதிறது?

சோளகம் வீசும், புழுதி பறக்கும், குளம் அடியைக் காட்டும். பாலை பழுக்கும். பாலைப்பழம் தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும், தின்ற பிள்ளையைக் கேட்காமலே கண்டுபிடித்துவிடலாம். பூவின் கதை பழத்திலும் தொடரும். மடுமாதா திருவிழாக்கள் ஜூலை 2ஆம் திகதியிலும் ஓகஸ்ட் 15ஆம் திகதியிலும் வரும், காட்டு வழியே போகிற சனத்தைப் பார்த்தவர்கள் அதை எழுதுங்கள். பூவில்லாத காலத்தில் வராமல் நிற்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

எனக்குக் கண் தெரியாது பிள்ளை, கையும் நடுங்குது. இலுப்பைப்பூப் பொறுக்கின காலத்தைச் சொன்னால் ஆரும் எழுதித் தருவினமோ?

தருவார்கள் ஐயா. ஓ.எல் பிள்ளைகளில் ஒருவரை உங்களோடு இருத்துவேன். நீங்கள் சொல்கிற சொல்லை அப்படியே எழுதவேண்டும், ‘இலுப்பம்பூ’ என்றால் இலுப்பம்பூ, ‘நான் போனனான்’ என்றால் ‘நான் போனனான்’. அழகாக்கக்கூடாது என்று முதலிலேயே அவர்களுக்குச் சொல்லிவிடுவேன். எழுதியபின் உங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவார்கள், பிடிக்காததை வெட்டச் சொல்லுங்கள். வெயில் ஏறுமுன் ஏழு மணிக்கு வாருங்கள். பேரன் சைக்கிளில் ஏற்றிவர முடியாவிட்டால் சொல்லி அனுப்புங்கள், பிள்ளைகள் கொப்பியோடு உங்கள் வீட்டுக்கு வருவார்கள்.